ஓவியர் அளித்த சாட்சியம்

ஒரு மனிதன் யார் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் எவருக்கு உரியது? ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்தை அடக்கியாண்ட காலத்தில், பெலிக்ஸ் நுஸ்பாம் என்னும் யூத ஓவியர் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒளிந்து வாழ்ந்தார். 1943-ஆம் வருஷத்தில் அவர் தம்மையே சித்திரமாகத் தீட்டினார். பின்னே உயர்ந்த மதில். மேலங்கியில் மஞ்சள் நட்சத்திரம். கையில், ‘யூதன்’ என்று செந்நிற முத்திரையிட்ட அடையாளச் சீட்டு. அவரைக் கொல்வதற்கு அதிகார வர்க்கத்துக்கு அவ்வொரு சொல்லே போதுமாயிருந்தது. அவரோ அச்சீட்டின் அருகே, நம்மை நோக்கி வினவும் தமது முகத்தையும் வரைந்து வைத்தார். 1944-இல் பிடிபட்டு, ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொலையுண்டார். முத்திரை குத்துவித்த ஆட்சி 1945-இல் வீழ்ந்தது. சித்திரமோ அவர் பிறந்த ஆஸ்னபுரூக் நகரிலேயே இருக்கிறது. சீட்டைக் கண்டு மனிதனை நிர்ணயிக்கத் துணியும் எந்தச் சர்க்காருக்கும் எதிராக அது இன்றும் சாட்சி சொல்லி நிற்கிறது.