நள்ளிரவில் ஊரை எழுப்பிய தட்டார்!

அமெரிக்காவை ஆங்கிலேயர் ஆண்ட காலம் அது. பாஸ்டன் நகரில் வெள்ளிப் பாத்திரம் செய்யும் தட்டார் ஒருவர் இருந்தார். பெயர் பால் ரிவியர்.

1775 ஏப்ரல் 18-ந் தேதி இரவு, அவருக்கு ஒரு தகவல் வந்தது.

"லெக்சிங்டனில் இருக்கும் விடுதலைத் தலைவர்கள் ஆடம்சையும் ஹான்காக்கையும் பிடிக்கப் பட்டாளம் புறப்படுகிறது!"

ரிவியர் படகில் ஏறினார். ஆங்கிலேயப் போர்க்கப்பலின் கண்ணில் படாமல் ஆற்றைக் கடந்தார். அக்கரையில் குதிரை ஒன்றை இரவல் வாங்கினார். வழிநெடுக வீடுகளைத் தட்டி எழுப்பினார். நள்ளிரவில் லெக்சிங்டன் சேர்ந்தார். தலைவர்கள் தப்பினர்.

ஆயுதங்கள் இருந்த கன்கார்டுக்கும் சேதி சொல்லப் புறப்பட்டார். வழியில் பிடிபட்டார்! குதிரையும் பறிபோனது. ஆனால், சேதி நிற்கவில்லை. உடன் வந்த டாக்டர் பிரஸ்காட் தப்பிப்போய்ச் சொல்லிவிட்டார்.

பொழுது விடிந்தது. பட்டாளத்தை எதிர்த்து, துப்பாக்கியுடன் ஊர் மக்கள் நின்றனர். அமெரிக்க சுதந்திரப் போர் தொடங்கியது.

விடுதலையான தட்டாரோ, லெக்சிங்டனுக்கு நடந்தே திரும்பினார்.