பாட மறுக்குதா பென்குவின்?

ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணி. சீனியர்கிட்ட கெஞ்சி வாங்கின பென்டிரைவை வெச்சு, பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டாச்சு. திருட்டு விண்டோஸுக்கு டாட்டா! காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ஒரு சினிமா ஃபைலை க்ளிக் பண்றீங்க. 'தேவையான கோடெக் இல்லை'னு ஒரு பெட்டி வந்து நிக்குது. பக்கத்துக் கட்டில்ல இருந்து நக்கல் சிரிப்பு... 'இதுக்குத்தான் வேணாம்னு சொன்னேன்!'

அவசரப்பட்டு பழைய சிஸ்டத்துக்கே திரும்பிடாதீங்க பாஸ். கோளாறு லினக்ஸ்ல இல்லை.

பாட்டு, படம் எல்லாத்தையும் அப்படியே சேமிச்சா ஹார்டு டிஸ்க் தாங்காது. அதனால சுருக்கித்தான் வைப்பாங்க. சுருக்கினதை விரிச்சுக் காட்டுற புரோகிராம்தான் கோடெக். இதுல சிலதுக்குக் காப்புரிமை உண்டு. எம்பி3-க்கு ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் கட்டணம் கேட்டது. யார் வேணும்னாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம்னு வர்ற இலவச சிஸ்டம், எத்தனை காப்பிக்குக் கணக்குப் பார்த்துக் காசு கட்டும்? அதனாலதான் 2004-ல் உபுண்டு வந்தப்போ எம்பி3 வசதி இல்லாமலேயே வந்தது. 2017 ஏப்ரலில் அந்த உரிமத் திட்டம் முடிவுக்கு வந்துடுச்சு. ஆனா ஹெச்.264 மாதிரி வீடியோ வடிவங்களுக்கான காப்புரிமைகள் அதோட முடியலை.

சரி, இப்ப என்ன பண்றது? புதுசா இன்ஸ்டால் பண்றப்பவே 'கூடுதல் மீடியா வடிவங்கள்' என்ற கட்டத்துல டிக் அடிச்சிடுங்க. மறந்துட்டீங்களா? நெட் கனெக்‌ஷனோட டெர்மினலைத் திறந்து, 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பை நிறுவுங்க. நடுவுல எழுத்துருக்களுக்கான ஒப்பந்தத் திரை வரும். அங்கே மவுஸ் வேலை செய்யாது. பலரும் 'ஹேங் ஆயிடுச்சு'னு மூடிடுறது இங்கேதான். டேப் கீயைத் தட்டி ஓகேக்குப் போய், என்டர் கொடுங்க. அவ்வளவுதான்!

கூடவே விஎல்சி பிளேயரையும் போட்டுக்குங்க. அந்த ஆரஞ்சு கூம்புக்குப் பின்னால ஒரு காலேஜ் கதை இருக்கு. 1996-ல் பாரிஸ் எகோல் சென்ட்ரல் மாணவர்கள், கேம்பஸ் நெட்வொர்க்ல வீடியோ ஓட்டுறதுக்காக ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அது! 2001-ல் அதை ஜிபிஎல் உரிமத்துல உலகத்துக்கே திறந்து விட்டாங்க.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கு. கல்ச்சுரல்ஸ் பாட்டை ரெக்கார்ட் பண்ணினா, 'ஆக் வார்பிஸ்'ல சேமிச்சுப் பாருங்க. யாருக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. வீடியோவுக்கு 2018-ல் வந்த ஏவி1 இருக்கு.

இப்ப ஸ்பீக்கர் வால்யூமை ஏத்துங்க. பக்கத்துக் கட்டில் நண்பர் எழுந்து வந்து, 'மச்சி, எனக்கும் போட்டுக் கொடுடா'ன்னு கேட்பார். பிகு பண்ணாம பென்டிரைவை நீட்டுங்க. இலவச மென்பொருள் வளர்றது இப்படித்தான்!