ஹோம் தியேட்டர்: அறையின் அளவும் தவணையின் விலையும்

பண்டிகைக் காலம் முடிந்த மறுமாதம், வாடிக்கையாளர் ஒருவர் தம் கடன் அட்டையின் கணக்கு அறிக்கையுடன் எங்கள் கிளைக்கு வந்தார். 30,000 ரூபாய் மதிப்புள்ள ஹோம் தியேட்டர் ஒன்றை ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்கியிருந்தார். முதல் தவணைக்குக் கீழே 62 ரூபாய் ஜிஎஸ்டி என்று ஒரு வரி காணப்பட்டது. வட்டியே இல்லாதபோது வரி எங்கிருந்து வந்தது என்பது அவர் கேள்வி. பேச்சினிடையே மற்றொன்றையும் சொன்னார்: பின்புறம் வைக்க வேண்டிய இரண்டு ஒலிபெருக்கிகள் இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன, கூடத்தில் அவற்றை வைக்க இடமில்லை.

இரண்டாவதிலிருந்தே தொடங்குவோம். 5.1 என்பது ஐந்து ஒலிபெருக்கிகளையும், தாழ்ந்த ஒலிகளுக்கான ஒரு சப்வூஃபரையும் குறிக்கும். ஐந்தில் இரண்டு, அமர்ந்திருப்பவரின் இருபுறமும் சற்றே பின்தள்ளி அமைய வேண்டும். நம் வீடுகளில் சோபா பெரும்பாலும் சுவரை ஒட்டியே கிடக்கும், பின்னால் இடமேது? கம்பியில்லா ஒலிபெருக்கி என்று விளம்பரம் செய்தாலும், அதற்கும் பெரும்பாலும் மின்இணைப்பு வேண்டும் என்பதைக் கடையில் யாரும் எடுத்துரைப்பதில்லை. ஆகவே கடைக்குச் செல்லுமுன் அறையின் நீள அகலத்தையும் மின்இணைப்புகள் உள்ள இடங்களையும் குறித்துக்கொள்வது நலம். சிறிய கூடத்திற்கு நல்ல சவுண்ட்பார் ஒன்றே போதும். வீட்டில் செவித்திறன் குறைந்த பெரியவர்கள் இருப்பின் 3.1 வகையைக் கேட்டுப் பாருங்கள்; அதிலுள்ள நடு ஒலிபெருக்கி உரையாடலைத் தனியே தெளிவாகத் தரும். வழவழப்பான தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். ஒரு கம்பளமும் கனத்த திரைச்சீலையும் அதைப் பெருமளவு தணிக்கும்.

பெட்டியின்மீது பெரிதாக அச்சிடப்படும் வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பிஎம்பிஓ என்ற அளவீட்டிற்கு ஏற்கப்பட்ட பொது நெறி கிடையாது, ஆயிரக்கணக்கில் எழுதலாம். ஒப்பிடத் தக்கது ஆர்எம்எஸ் அளவே. உங்கள் தொலைக்காட்சியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்ற குறிப்பு உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆப்டிகல் இணைப்பின் வழியே டால்பி அட்மாஸ் ஒலி வராது. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இனி அந்த 62 ரூபாய்க்கு வருவோம். 30,000 ரூபாயை மாதம் 2,500 வீதம் 12 தவணைகளில் செலுத்துவதாகக் கொள்வோம். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு எனில், வங்கி உண்மையில் அளிக்கும் கடன் ஏறத்தாழ 27,700 ரூபாய்தான். மீதி 2,300 ரூபாய் வட்டி. அத்தொகையை விற்பனையாளரோ உற்பத்தியாளரோ தள்ளுபடியாக விட்டுக்கொடுப்பதால் அது வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. ஆனால் கடன் அட்டை வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அதை வாடிக்கையாளரே செலுத்த நேர்கிறது. முதல் மாத வட்டி சுமார் 346 ரூபாய். அதற்கான வரிதான் 62. ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் சுமார் 414 ரூபாய். செயலாக்கக் கட்டணமும் அதற்குரிய வரியும் இதில் சேரவில்லை.

வங்கியில் பணிபுரியும் நாங்களே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பதை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கையொன்றில் சுட்டிக்காட்டியுள்ளது. எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “முழுத் தொகையையும் இப்போதே செலுத்தினால் விலை என்ன?” என்பதே. தவணைக்காக விட்டுக்கொடுக்கும் 2,300 ரூபாயில் ஒரு பகுதியையேனும் ரொக்க விலையில் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லாக் கடைகளும் இசையா; சில இசையும். கடன் அட்டைக்கு மாறாக நுகர்பொருள் கடனாகப் பெறுவீர்களாயின், 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள முக்கிய விவர அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விழுக்காடு அதில் இருக்கும். கையொப்பமிடுமுன் பார்க்க வேண்டிய எண் அது.

விலைப்பட்டியலில் கருவியின் வரிசை எண் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும், உத்தரவாதம் சப்வூஃபருக்கும் பொருந்துமா என்பதையும் கடையிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குறை நேர்ந்து கடைக்காரர் செவிசாய்க்காவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019 ஆம் ஆண்டின் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே முறையீடு செய்யவும் இயலும்.

நம் வாடிக்கையாளர், மீதித் தவணைகளை ஒரே தடவையில் அடைத்துவிடலாமா என்று வினவினார். முன்முடிப்புக் கட்டணத்தைக் கணக்கிட்டுக் காட்டினோம். எஞ்சிய வரியைவிட அதுவே அதிகமாக இருந்தது. தவணையைத் தொடர்வதென்று முடிவு செய்தார். பின்புற ஒலிபெருக்கிகளுக்காக எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைக்கப்போவதாகச் சொல்லிச் சென்றார்.