பந்தில்லாத 87 நிமிடங்கள்

கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் பந்தைத்தான் பார்க்கிறோம். கோல் விழுவது பந்தால்தானே! ஆனால் ஒரு முன்கள வீரரை, அதிலும் புதிதாக வந்து சேர்ந்த ஒருவரை, கெட்டிக்காரரா சுமாரா என்று எடை போட வேண்டுமானால், பந்தைப் பார்த்தால் மட்டும் போதாது என்பது என் கட்சி. சங்க இதழில் இலக்கியமும் ஆன்மிகமும் நிறைய வருகின்றன. ஒரு தடவை விளையாட்டுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினால் அன்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஆட்டம் 90 நிமிடம். பந்து வெளியே போவது, ஃபிரீ கிக், காயம் ஆகியவை போக, பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது 55 முதல் 60 நிமிடம்தான். களத்தில் 22 பேர். சரிசமமாகப் பங்கிட்டாலும் தலைக்கு மூன்று நிமிடம்கூட வராது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பந்து போய்க்கொண்டிருக்கும் நேரத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஆக, முன்கள வீரர் ஏறக்குறைய 87 நிமிடம் பந்தில்லாமலே இருக்கிறார். அவருடைய வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. அதைப் பார்க்காமலே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நம் வட்டாரத்துக்கென்று பெரிய அணி ஏதும் கிடையாது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது சென்னை மாகாணத்தில் இருந்தோம். 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தோம். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லை எப்படி மாறினாலும் ரயில் போகும் திசை மாறவில்லை. திருப்பதியில் ஏறினால் ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகச் சென்னை சென்ட்ரல். அங்கே இறங்கி நடந்து போகும் தூரத்தில் நேரு ஸ்டேடியம். அதனால் நமக்குச் சென்னை அணிதான் சொந்த அணி. நான் சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து, 2019-இல் ஓய்வு பெற்றவன். ஓய்வு கிடைத்ததும் சித்தூர், திருப்பதி நண்பர்கள் சிலரோடு ஆட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

அந்த அக்டோபரில் தொடங்கிய ஐ.எஸ்.எல். போட்டிக்குச் சென்னையின் எஃப்.சி. அணி நெரியுஸ் வால்ஸ்கிஸ் என்ற லித்துவேனிய நாட்டு வீரரைக் கொண்டுவந்தது. வயது 32. பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. மூன்றில் தோல்வி, ஒன்று சமன். எங்கள் குழுவில் விவாதம் சூடு பிடித்தது. சித்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் சொன்னார்: “என்னண்ணா இது, ஓடவும் மாட்டேங்கறான், அடிக்கவும் மாட்டேங்கறான். மரம் மாதிரி நிக்கறான்.” ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், “பந்தே வரலையே, எதை அடிப்பான்?” என்று எதிர்வாதம் செய்தார். இருவருமே டி.வி.யில் பார்த்துவிட்டுப் பேசினார்கள். டி.வி. கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. பந்து இந்த ஓரத்தில் இருந்தால், நடுவில் முன்கள வீரர் என்ன செய்கிறார் என்பது பல சமயம் படத்திலேயே இருக்காது. அதனால்தான் நேரில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நான் நேரில் போனபோது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோனேன். பழைய பழக்கம், தண்டவாளத்தை நடந்து பார்த்துக் குறிப்பெடுத்த கை. வால்ஸ்கிஸ் பந்துக்காக ஓடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு; அந்த ஓட்டத்துக்குப் பந்து வந்து சேர்ந்தால் கோட்டின் மேல் ஒரு சுழி. இடைவேளையில் பார்த்தால் பக்கம் நிறையக் கோடுகள். சுழிகள் மிகச் சில. மரம் மாதிரி நிற்கிறார் என்பது சரியல்ல என்று அப்போதே தெரிந்தது. ஓடுகிறார், ஓடும் இடத்துக்குப் பந்து வருவதில்லை.

ஓடியும் பந்து வராவிட்டால் அந்த ஓட்டம் வீணா? இதற்கு ரயில்வேக்காரன் முறையில் பதில் சொல்கிறேன். திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி வரை 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதைக்கு 2025 ஏப்ரலில்தான் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் போக வேண்டுமானால் எதிரே வரும் இன்னொன்று ஸ்டேஷனில் லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்கும் வண்டியில் இருப்பவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அது ஒதுங்கியதால்தான் மற்ற வண்டிக்குப் பாதை கிடைத்தது. முன்கள வீரர் இடது பக்கம் ஓடும்போது எதிரணி ஸ்டாப்பர் அவரைத் தொடர்ந்து போகிறார். நடுவில் வாசல் திறக்கிறது. பின்னாலிருந்து இன்னொருவர் அதில் நுழைகிறார். கோல் அவர் பெயரில் எழுதப்படுகிறது. வாசலைத் திறந்தவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை.

1953 நவம்பர் 25-ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்ததும் இந்தச் சூட்சுமத்தால்தான். ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்வாங்கி ஆடினார். அவரைத் துரத்திப் போவதா, இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்து ஸ்டாப்பருக்குப் புரியவில்லை. துரத்தினால் பின்னால் வாசல் திறந்தது. நின்றால் ஹிடெக்குட்டியைத் தடுக்க ஆளில்லை. ஹிடெக்குட்டியே மூன்று கோல் போட்டார்.

நிற்க. புதிய வீரர் ஒருவரைப் பார்க்கும்போது நான் கவனிக்கும் விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, பந்து ஒரு ஓரத்தில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார்? நல்ல வீரர் எதிரணிப் பின்கள வீரரின் முதுகுப் பக்கம் நிற்பார். பந்தையும் ஆளையும் ஒரே சமயத்தில் பார்க்க அந்தப் பின்கள வீரரால் முடியாது. இரண்டாவது, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரா? பந்து வருவதற்கு முன்பே சுற்றியிருக்கும் இடம் அவர் மனதில் பதிந்திருக்க வேண்டும். மூன்றாவது, எப்போது ஓட ஆரம்பிக்கிறார்? ஆஃப்சைடு விதியில், பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் எங்கே இருந்தார் என்பதுதான் கணக்கு. 1925 வரை அவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்தது. பிறகு இருவர் போதும் என்றாயிற்று. 1990 முதல் கடைசிக்கு முந்தைய ஆளுக்குச் சமமான வரிசையில் இருந்தாலே போதும். ஆகவே அரை விநாடி முந்தினால் கொடி உயரும். அரை விநாடி பிந்தினால் பந்து போய்விடும். நான்காவது, ஓடியும் பந்து வராதபோது என்ன செய்கிறார்? கையை விரித்துக்கொண்டு நின்றுவிடுகிறாரா, திரும்பி வந்து மறுபடி ஓடுகிறாரா? ஐந்தாவது, பந்து எதிரணிக்குப் போனதும் முதல் ஆளாகத் துரத்துகிறாரா? இந்த ஐந்துக்கும் காலில் பந்து தேவையில்லை.

இப்போது வால்ஸ்கிஸிடம் திரும்புவோம். 2019 நவம்பர் 25, சென்னையில் ஹைதராபாத் அணியுடன் ஆட்டம். எங்களோடு வந்த தெலுங்கு நண்பர்கள் இருவர் அந்தப் பக்கம்; நாங்கள் மூவர் இந்தப் பக்கம். 90 நிமிடம் வரை கோலே இல்லை. பலர் எழுந்து வாசலை நோக்கி நடந்துவிட்டார்கள். கூடுதலாகக் கொடுத்த சில நிமிடங்களுக்குள் மூன்று கோல்! சென்னை ஒன்று, ஹைதராபாத் ஒன்று, கடைசியில் வால்ஸ்கிஸ் ஒன்று. 2-1. போட்டியில் சென்னையின் முதல் வெற்றி. அதன் பிறகு பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகி, ஓவன் கோயில் வந்தார். நடுக்களத்தில் பிரேசில் நாட்டு ரஃபேல் கிரிவெலாரோவின் பாஸ்கள் ஓடுகிற இடத்துக்கு வந்து விழ ஆரம்பித்தன. என் நோட்டில் சுழிகள் கூடின. கீழே கிடந்த அணி நான்காம் இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 6-5 என்று வென்றது. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14-இல், கொரோனாவால் ரசிகர்களே இல்லாத கோவா மைதானத்தில். ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றோம். அந்த ஒரு கோலும் வால்ஸ்கிஸ் போட்டதுதான். மொத்தம் 15 கோல் போட்டுத் தங்கக் காலணியும் வாங்கினார். நவம்பரில் ஓடிய அதே ஓட்டம்தான். மாறியது, அதைக் கண்டு பந்து கொடுக்கிற கண்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. ஹைதராபாத் போலீஸ் அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்சியாளராக இருந்த எஸ்.ஏ. ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். இளைஞர்களுக்கு அவர் நடத்திய போட்டிகளில் ஒன்று, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரியை ஏமாற்றி ஓடக்கூடாது என்ற விதியோடு நடந்தது. யோசித்துப் பாருங்கள்: பந்து வைத்திருப்பவர் ஓடக்கூடாது என்றால், பந்தில்லாதவர்கள்தானே ஓடியாக வேண்டும்! அந்த ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்சியில் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கமும் பெற்றது.

அந்த இரண்டு அணிகளிலும் இருந்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம் சங்க அன்பர்கள் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்டவர். கடைசியில் பெங்கால் நாக்பூர் ரயில்வே அணியில் ஆடியவர் என்பதால் எனக்குக் கூடுதல் சொந்தம். உடல்நலக் குறைவால் இருபத்தேழு வயதை ஒட்டியே ஆட்டத்தை விட நேர்ந்தது. 2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் காலமானார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரும் சேர்ந்து ஆடிய முன்களத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். ஒருவர் இழுத்துப் போக மற்றவர் நுழைவதற்குப் புரிதல் வேண்டும். அது ஒரே வாரத்தில் வராது.

இப்போது இதை அளக்கவே இயந்திரம் வந்துவிட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் மைதானத்தின் கூரைக்கடியில் 12 கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 இடங்களை விநாடிக்கு 50 தடவை குறித்தார்கள். ஆட்டம் முடிந்து வெளியிட்ட அறிக்கைகளில், ஒரு வீரர் பந்தை வாங்க எத்தனை தடவை வந்து நின்றார் என்ற கணக்கும் இருந்தது. நான் கோடு போட்ட அதே கணக்கு!

இதெல்லாம் பெரிய அணிகளின் சமாசாரம் என்று விட்டுவிட முடியாது. இதனால் பாதிக்கப்படுவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். என்னிடம் முன்பு வேலை பார்த்த ஒரு கேங்மேனின் மகன், பதினைந்து வயது, சித்தூரில் பள்ளி அணியில் சென்டர் ஃபார்வர்டு. ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் போட்டிருந்தான். அப்பா என்னிடம் சொன்னார்: “கோலே போடலியே சார், இவன் எதுக்கு ஃபார்வர்டு? ஆட்டத்தை நிறுத்திட்டு டியூஷனுக்கு அனுப்பப் போறேன்.” பையன் தலை குனிந்து நின்றான்.

அடுத்த ஆட்டத்துக்கு அப்பாவை நானே அழைத்துப் போனேன். “பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதேப்பா, பையனை மட்டும் பாரு” என்றேன். கஷ்டம்தான், கண் தானாகப் பந்துக்குப் போகும். பையன் வலது ஓரம் ஓடினான். இரண்டு பேர் அவன் பின்னால் போனார்கள். நடுவில் நுழைந்த இன்னொரு பையன் கோல் போட்டான். எல்லோரும் அந்தப் பையனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். இவன் ஓரத்திலிருந்து கை தட்டிக்கொண்டே மெதுவாக நடந்து வந்தான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம வேலை மாதிரிதான் இருக்கு சார். வண்டி போனா டிரைவரைத்தான் சொல்லுவாங்க” என்றார்.

தேர்வில் பையனுக்கு மாற்று ஆட்டக்காரன் இடம்தான் கிடைத்தது. பார்த்தவர்கள் கோல் கணக்கைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் டியூஷன் மாலை ஆறு மணிக்கு மேல் என்று வீட்டில் ஏற்பாடாகிவிட்டது, அதுவரை மைதானம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை சென்னைக்கு ஆட்டம் பார்க்கப் போனாலும் சரி, திருப்பதியிலோ சித்தூரிலோ பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தாலும் சரி, ஒரு பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு ஒரு முன்கள வீரரை மட்டும் பாருங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது. அவரைப் பற்றிய உங்கள் தீர்ப்பை அதன் பிறகு சொல்லுங்கள்.