தேறினாளா, மயங்கினாளா?

அண்மையில் ஒரு மாலை, செபமாலை முடிந்து கோவிலைப் பூட்டும் வேளையில், சேக்காட்டிலிருந்து ஒரு தாயும் மகளும் நம்மைக் காண வந்தனர். மகள் செவிலியர் கல்வியும் மேற்படிப்பும் முடித்தவள்; இங்கிலாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றில் பணிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. தாயார்தான் பேசினார்: “சாமி, இவளுக்கு மயக்க நோய் உண்டா, இப்போது குணமாகிவிட்டதா என்று நேர்காணலில் கேட்டார்களாம். பிறந்த நாள் முதல் ஒரு நாளும் மயங்கி விழாத பிள்ளை, சாமி!”

விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். 2019-ஆம் ஆண்டில் ‘பாஸ் அவுட்’ ஆனதாகவும், 2023-இல் மறுபடியும் ‘பாஸ் அவுட்’ ஆனதாகவும் தன் கைப்பட எழுதியிருந்தாள். நம்மவர் இதனைப் படித்தால், இரு பட்டங்கள் பெற்ற பெண் என மகிழ்வர். அங்கிருந்த அதிகாரியோ, இருமுறை நினைவிழந்து வீழ்ந்தவள் என்று கொண்டார். இரவெல்லாம் நோயாளியின் அருகே விழித்திருக்க வேண்டிய பணிக்கு இத்தகையவளை எவர்தாம் அமர்த்துவர்?

‘பாஸ்’ என்றால் கடத்தல். ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டும் எளிய சொற்களே. இணைந்தவுடன் அவை வேறொன்றாகி விடுகின்றன. மயங்கி விழுவதே இன்று ஆங்கிலேயரிடமும் அமெரிக்கரிடமும் முதன்மையாக வழங்கும் பொருள். தாள்களையோ தின்பண்டங்களையோ பலருக்கும் பகிர்ந்தளிப்பது மற்றொரு பொருள். ‘அவுட்’ இருந்த இடத்தில் ‘அவே’ என்று வைத்தாலோ ஆளே இறந்துவிடுகிறார்! நோயாளியின் வீட்டாருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லும் செவிலிக்கு இவ்வேறுபாடு விளையாட்டன்று.

அப்படியாயின் நம் நாட்டார் அனைவரும் பிழையாகவா எழுதுகின்றனர்? அவ்வாறு நாம் கருதவில்லை. இந்தச் சொல்லுக்குப் படைவீட்டில் நெடுநாள் வழக்கு உண்டு. பயிற்சி முடித்த வீரர் அணிவகுத்து வெளியேறும் விழாவிற்குப் பிரித்தானியப் படையினர் இட்ட பெயர் ‘பாசிங் அவுட் பரேடு’. 1932-இல் டேராடூனில் இந்திய இராணுவக் கழகம் தொடங்கப்பெற்றது. பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான மானெக்‌ஷா அதன் முதல் அணியைச் சேர்ந்தவர். நமக்கு அருகிலேயே, புனித தோமையார் மலையடிவாரத்தில், 1963-இல் தோன்றிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி 1988 முதல் கழகம் எனப் பெயர் பெற்று இயங்கி வருகிறது. 1992 முதல் பெண்களும் அங்குப் பயில்கின்றனர். பயிற்சி முடிந்தோர் பரமேஸ்வரன் திடலில் அணிவகுத்து வெளியேறும் காட்சியைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். அங்கே இச்சொல் முற்றும் பொருந்தும். தேறுகின்றனர், வெளியேறவும் செய்கின்றனர்.

கனரக வாகனத் தொழிற்சாலையும் காவற்படைகளும் சூழ்ந்த ஆவடி வட்டாரத்து மக்களுக்குப் படைவீட்டுச் சொற்கள் புதியன அல்ல. ஆயினும் இச்சொல் நாடெங்கும் கல்லூரி வாயில்வரை வந்துவிட்டது. ‘இந்த ஆண்டு பாஸ் அவுட் ஆனவர் மட்டும் வருக’ என்று வேலை விளம்பரங்களே கூவுகின்றன. கோடிக்கணக்கானோர் ஒரு பொருளில் வழங்கினால் அது அந்நாட்டின் ஆங்கிலமே. எழுதுகிறவர் கேட்பவரின் நாட்டை மறந்துவிடுவதில்தான் தொல்லை.

நம் தமிழிலும் இவ்வகைத் தொல்லை இல்லாமலில்லை. “சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டேன்” என்றால், அவனுக்கே தந்தாயிற்றா? அவன் வழியாக நமக்கு அனுப்பியாயிற்றா? ‘விடு’ என்னும் சிறு துணைவினை இரண்டிற்கும் இடம் தருகிறது. களைத்துப் போனவர் எங்கும் போகவில்லை; இறந்து போனவரோ போயே போனார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழோடு நில்லாது, மக்கள் பேசும் தமிழுக்கும் இலத்தீன் மொழியில் தனி இலக்கணம் வகுத்தார். ஏட்டுத் தமிழை மட்டும் கற்ற அயல்நாட்டுக் குரு, திண்ணைப் பேச்சின் நடுவே எவ்வளவு திகைத்திருப்பார் என்பதனை இப்போது எண்ணிப் பார்க்கிறோம். (நாமும் உரோமையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவரிடம் “போய் வருகிறேன்” என்பதன் பொருளை விளக்கப் புகுந்து, அவரை மேலும் குழப்பியதுண்டு.)

அன்றிரவே அப்பெண் விளக்கக் கடிதம் எழுதினாள். ‘பாஸ் அவுட்’ நின்ற இரண்டிடங்களிலும் ‘கிராஜுவேட்டட்’ என்று இடுமாறு கூறினோம். ‘கம்ப்ளீட்டட்’ என்றாலும் தாழ்வில்லை. இரண்டு வாரங்களுக்குப்பின் மறு நேர்காணலுக்கு நாள் குறித்து மறுமொழி வந்துள்ளது.

கடிதத்துடன் இணைப்பதற்காக, விண்ணப்பத்தோடு முன்னர் நாம் வழங்கியிருந்த நற்சான்றின் நகலையும் தாயார் நீட்டினார். நம் கையொப்பம், பங்கின் முத்திரை, எல்லாம் சரியாயிருந்தன. இரண்டாம் வரியில் மட்டும், இவள் நம் பங்கின் பாடகர் குழுவில் பல்லாண்டு பணியாற்றிய நற்பெண் என்றும், 2019-இல் கல்லூரியிலிருந்து ‘பாஸ் அவுட்’ ஆனவள் என்றும் நாமே எழுதியிருந்தோம். தாயார் அதைக் கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலைத் திருப்பலிக்கு முன்னரே புதிய நற்சான்று தட்டச்சாகி முத்திரையுடன் ஆயத்தமாயிருந்தது.