நடுநிலை நிறங்களின் அடிநிறம்

வீட்டின் உட்சுவர்களுக்கு வெள்ளை, தந்தம், சந்தனம், சாம்பல் போன்ற நடுநிலை நிறங்கள் விரும்பப்படுவதற்குக் காரணம், மரச்சாமான்களும் திரைச்சீலைகளும் மாறினாலும் அவை பொருந்தி நிற்பதே. ஆயினும் இவற்றுள் முற்றிலும் சாயலற்றது அரிது. ஒவ்வொன்றிலும் மஞ்சளோ சிவப்போ நீலமோ பச்சையோ மெல்லியதாகக் கலந்திருக்கும், அதுவே அடிநிறம் எனப்படும்.

இன்றைய வெள்ளைப் பெயின்டின் உயிர் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமி ஆகும். ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் இதற்கு ஏறத்தாழ 2.7 என்றும், இதைப் பிணைக்கும் பிசினுக்கு 1.5 என்றும் இருப்பதால், இரண்டும் சந்திக்கும் இடந்தோறும் ஒளி சிதறிப் பழைய சுவரை மறைத்துவிடுகிறது. இந்நிறமிக்கு மூலமான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. கடையிலுள்ள கலவை இயந்திரம் இவ்வெள்ளையில் சில துளி மஞ்சள் ஆக்சைடைச் சேர்த்தால் தந்த நிறமும், கார்பன் கறுப்பைச் சேர்த்தால் நீலம் தழுவிய குளிர்ந்த சாம்பலும் பிறக்கின்றன.

அடிநிறத்தை வெளிக்கொணர்வது ஒளி. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் அளப்பர். 2700 கெல்வின் விளக்கு மஞ்சளாகவும் 6500 கெல்வின் விளக்கு நீலம் கலந்த வெள்ளையாகவும் ஒளிர்வதால், பகலில் இதமாகத் தோன்றிய சந்தன நிறம் இரவில் பழுப்பேறியதாகத் தோன்றக்கூடும். வடக்கு ஜன்னல் அறைக்கு ஆண்டு முழுவதும் குளிர்ந்த ஒளியே வரும் என்னும் ஐரோப்பிய அறிவுரையும் இங்கு அப்படியே பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் நிற்கிறது.

அருகிலுள்ள நிறங்களும் கண்ணை மாற்றுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில் விளக்கியபடி, ஒரு நிறம் தன் அண்டை நிறத்தின்மீது தன் எதிர்நிறச் சாயலை ஏற்றிக் காட்டும். ஆகவே சிவப்பு ஆக்சைடு தரைக்கு அருகில் குளிர்ந்த சாம்பல் பச்சையேறியதுபோல் தோன்றும். அத்தகைய தரையுள்ள பழைய வீடுகளுக்கு மஞ்சள் அடிநிறமுள்ள தந்தமே மிகப் பொருத்தமானது. சுவர் திருப்பியனுப்பும் ஒளியின் அளவை 0 முதல் 100 வரை குறிக்கும் பிரதிபலிப்பு மதிப்பும் கவனத்திற்குரியது. வெளிச்சம் குறைந்த கூடத்திற்கு 70க்கு மேற்பட்டது உதவும், வெயில் நேராக விழும் அறையிலோ அது கண்ணைக் கூசச் செய்யும்.

எனவே ஷேடு கார்டின் சிறு கட்டத்தை மட்டும் நம்பிவிடாமல், பெரிய அட்டையொன்றில் இரண்டு பூச்சு கொடுத்து, நன்கு காய்ந்தபின் அதே அறையின் சுவரில் சாத்திவைத்துக் காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகே பெயின்டை வாங்க வேண்டும்.