கிற்றாரும் ஊர்ப் பேச்சும்

எங்கள் பள்ளிமுனைக் கலியாண வீடுகளில் இரவு களைகட்டினால், வயதானவர் யாராவது நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டைத் தொடங்காமல் விடமாட்டார். பொடியன்கள் கதிரையில் தாளம் போடுவார்கள். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரரான நித்தி தானே எழுதி, மெட்டுப்போட்டு, கிற்றாரோடு பாடினார். 1970களில் இலங்கை வானொலி அவர் குரலை வீடு வீடாகக் கொண்டுபோனது. சினிமாப் பாட்டின் பெரிய வாத்தியக் கூட்டம் அவர் பாட்டுகளில் இல்லை. பைலாவின் துள்ளல் தாளம், அதன்மேல் யாழ்ப்பாணத்துப் பேச்சு, அவ்வளவுதான். 'சின்ன மாமியே'யில் மாமியிடம் மகளை விசாரிப்பது எங்கள் படலையடிக் கதை மாதிரியே இருக்கும். அவருடைய 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடியை விடச் சொல்கிற பாட்டு. குடித்தவர்களும் சேர்ந்து பாடுவார்கள். புத்தி சொல்லும்போதும் அவர் குரல் அதட்டாது. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். புதுசாக மேளம் சேர்த்த பதிவுகளை விட்டுவிட்டுப் பழைய இசைத்தட்டுப் பதிவையே தேடிக் கேளுங்கள்.